நாடகம் அவருடையது, படம் ஸ்டூடியோவுடையது: லில்லியன் ஹெல்மன், ஒரு நிகழ்வு ஆய்வு

நியூயார்க்கின் நாடக அரங்குகளின் உலகமான பிராட்வேயில் நாடகம் எழுதுகிறவரைக் கேட்காமல் அவருடைய ஒரு வரியைக்கூட யாரும் மாற்ற முடியாது. நாடக ஆசிரியர்களின் சங்கமான டிராமடிஸ்ட்ஸ் கில்ட் 1926-ல் தயாரிப்பாளர்களிடம் போராடி வாங்கிய ஒப்பந்தம் இதை உறுதி செய்தது. பதிப்புரிமை எழுதியவரிடமே இருக்கும். தயாரிப்பாளர் நாடகத்தை மேடையேற்றும் உரிமத்தை மட்டும் வாங்குகிறார். வாரவாரம் வசூலில் எழுத்தாளருக்குப் பங்கு உண்டு. அதே எழுத்தாளர் கலிபோர்னியா போய் ஸ்டூடியோவில் வாரச் சம்பளத்துக்கு உட்கார்ந்தால் நிலைமை தலைகீழ். அவர் தட்டச்சு செய்யும் ஒவ்வொரு பக்கமும் ஸ்டூடியோவின் சொத்து. சட்டத்தின் கண்ணில் 'ஆசிரியர்' என்பதே ஸ்டூடியோதான்.

அமெரிக்க நாடக ஆசிரியர் லில்லியன் ஹெல்மனின் திரைக்கதை வாழ்வைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு போதும். 1935 முதல் 1966 வரை அவர் எழுதிய படங்களில் நின்றவை எல்லாம் கதையின் கட்டுமானம் அவர் கையில் இருந்தவை. சரிந்தவை எல்லாம் அது கைமாறியவை. திறமை ஏறி இறங்கியதாகச் சொல்லும் விளக்கம் எங்களுக்கு ஏற்புடையதாக இல்லை.

வாரம் 50 டாலர்

1905-ல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தார். தந்தை செருப்பு வியாபாரம் செய்தவர். தாயின் குடும்பம் அலபாமாவின் டெமோபோலிஸ் ஊரைச் சேர்ந்த பணக்காரக் குடும்பம். ஆண்டில் பாதி நியூயார்க்கில், பாதி நியூ ஆர்லியன்ஸில் அத்தைகள் நடத்திய விடுதி வீட்டில் வளர்ந்தார். சாப்பாட்டு மேசையில் பணம், பங்கு, சொத்து என்றே பேசும் உறவினர்களைக் கேட்டு வளர்ந்த பெண் அவர். அந்தப் பேச்சுதான் பின்னால் 'தி லிட்டில் ஃபாக்ஸஸ்' நாடகத்தின் ஹப்பர்ட் குடும்பமாக மேடையேறியது.

கல்லூரியை முடிக்காமல் போனி அண்ட் லிவ்ரைட் பதிப்பகத்தில் கையெழுத்துப் பிரதிகள் படிக்கும் வேலைக்குச் சேர்ந்தார். 1925-ல் எழுத்தாளர் ஆர்தர் கோபரை மணந்தார். 1930-ல் ஹாலிவுட் போய் எம்ஜிஎம் ஸ்டூடியோவில் வாரம் 50 டாலருக்கு வாசகர் வேலை. நாவலோ நாடகமோ கைக்கு வரும். படித்துக் கதைச் சுருக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். படமாக்கலாமா வேண்டாமா என்று மேலே இருப்பவர்கள் அதை வைத்து முடிவு செய்வார்கள். அலுப்பான வேலைதான். ஆனால் 400 பக்க நாவலைச் சில பக்கங்களுக்குள் இறக்குகிறவருக்கு எது கதையைத் தாங்கும் தூண், எது வெறும் பூச்சு என்று கை தானாகப் பழகிவிடும். ஹெல்மனின் பிற்காலத் திரைக்கதைகளில் தெரியும் வெட்டுத் திறன் இந்த மேசையில் வந்தது என்பது எங்கள் கணிப்பு.

துப்பறியும் நாவலாசிரியர் டேஷியல் ஹாமெட்டை அவர் சந்தித்ததும் 1930-ல்தான். 1932-ல் கோபருடன் விவாகரத்து. நியூயார்க் திரும்பித் தயாரிப்பாளர் ஹெர்மன் ஷூம்லினிடம் நாடகம் படிக்கும் வேலை பார்த்துக்கொண்டே தன் முதல் முழு நாடகத்தை எழுதினார்.

ஒரு பிரேஸ்லெட், இரண்டு முடிவுகள்

ஹாமெட் எடுத்துக் கொடுத்த விதை, ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 1810-ல் நடந்த உண்மைச் சம்பவம். பெண்கள் விடுதிப் பள்ளி நடத்திய இரண்டு ஆசிரியைகள் தகாத உறவு வைத்திருப்பதாக ஒரு மாணவி தன் பாட்டியிடம் சொல்ல, பள்ளி ஒரே மூச்சில் காலியானது. ஆசிரியைகள் அவதூறு வழக்குப் போட்டார்கள். வழக்கு 1819-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபை வரை போய் அவர்களுக்குச் சாதகமாக முடிந்தது. பள்ளி திரும்ப வரவில்லை. சொன்ன மாணவி ஜேன் கம்மிங், இந்தியத் தாய்க்கும் ஸ்காட்லாந்துத் தந்தைக்கும் பிறந்தவர். இத்தகைய விஷயங்கள் அவளுக்கு இந்தியாவில்தான் தெரிந்திருக்கும் என்று நீதிமன்றத்திலேயே வாதிக்கப்பட்டது. ஹெல்மன் கதையை அமெரிக்காவுக்கு நகர்த்தியபோது இந்த இழையை முழுதாகக் கழற்றிவிட்டார்.

'தி சில்ட்ரன்ஸ் அவர்' 1934 நவம்பர் 20-ல் மேக்சின் எலியட் அரங்கில் தொடங்கி 691 முறை நடந்தது. ஹெல்மனுக்கு அப்போது வயது 29. பாஸ்டனில் தடை, லண்டனில் தடை. 1935-ன் புலிட்சர் பரிசு ஸோயி ஏக்கின்ஸின் நாடகத்துக்குப் போனது. அதனால் கொதித்த விமர்சகர்கள் நியூயார்க் நாடக விமர்சகர் வட்டம் என்று தனி அமைப்பையே தொடங்கினார்கள். (ஏக்கின்ஸும் நாடகத்திலிருந்து ஹாலிவுட் போன பெண்தான். அவரைப் பற்றியும் தமிழில் யாராவது விரிவாக எழுத வேண்டும்.)

ஹாலிவுட் தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வின் ஹெல்மனை வாரம் 2,500 டாலருக்கு அமர்த்தினார். 1930-ன் சம்பளத்தோடு ஒப்பிட்டால் ஐம்பது மடங்கு. முதல் வேலை 'தி டார்க் ஏஞ்சல்' (1935), ஒரு மௌனப் படத்தின் மறு ஆக்கம், இன்னொருவருடன் சேர்ந்து எழுதியது. அடுத்து கோல்ட்வின் 'தி சில்ட்ரன்ஸ் அவர்' நாடகத்தையே படமாக்கும் உரிமையை வாங்கினார். 1934 ஜூலையிலிருந்து ஜோசஃப் பிரீன் தலைமையில் தணிக்கை அலுவலகம் இறுகியிருந்த நேரம் அது. பெண்களுக்கிடையிலான காதலைத் திரையில் குறிப்பால்கூடக் காட்டக்கூடாது. நாடகத்தின் பெயரை வைக்கக்கூடாது, இந்த நாடகத்திலிருந்து எடுத்த படம் என்று விளம்பரமும் செய்யக்கூடாது. அப்படியானால் வாங்கியதில் மிச்சம் என்ன?

ஹெல்மனின் பதில்: மிச்சம் இருப்பது பொய். ஒரு குழந்தை சொல்லும் பொய் பெரியவர்கள் மூவரின் வாழ்வை நொறுக்குகிறது; அதுதான் தூண். இங்கே அவர் செய்த வேலையைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். நாடகத்தில் காரென், மார்த்தா என்ற இரண்டு ஆசிரியைகள். காரெனுக்கு நிச்சயிக்கப்பட்டவர் மருத்துவர் ஜோ. மேரி என்ற சிறுமி சொல்வது பொய்தான், ஆனால் அந்தப் பொய் மார்த்தாவின் மனதில் அவளுக்கே தெரியாமல் கிடந்த ஒரு உண்மையைத் தட்டி எழுப்புகிறது: அவள் காரெனை நேசிக்கிறாள். நடந்தது எதுவுமில்லை, மனதில் இருந்தது இருந்தது. நாடகத்தின் வலி முழுவதும் இந்த இடுக்கில்தான்.

'தீஸ் த்ரீ' (1936) படத்தில் மேரி சொல்லும் பொய், மார்த்தாவுக்கும் ஜோவுக்கும் தொடர்பு என்பது. அதோடு நிறுத்தியிருந்தால் அது சாதாரண முக்கோணக் கதை. ஹெல்மன் இன்னொரு படி போனார்: மார்த்தா உண்மையிலேயே ஜோவை ரகசியமாக நேசிக்கிறாள். ஒரு இரவு மார்த்தாவின் அறையில் பேசிக்கொண்டிருந்த ஜோ நாற்காலியிலேயே தூங்கிப்போகிறார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்த ஒரு காட்சியால் பொய்க்கும் உண்மைக்கும் நடுவே இருந்த அந்த இடுக்கு படத்திலும் பிழைத்துக்கொண்டது. ஆட்கள் மாறினார்கள், இயந்திரம் அப்படியே ஓடியது. மூலக்கதையின் பேசுபொருள் தடைபட்டால் மூலக்கதையே போய்விட்டதாக நினைக்கும் தழுவல்காரர்கள் இந்த இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

மேரி தன் பொய்க்குச் சாட்சி சொல்ல ரோசலி என்ற இன்னொரு சிறுமியை மிரட்டுகிறாள். ரோசலி யாருடைய பிரேஸ்லெட்டையோ எடுத்து வைத்திருப்பது மேரிக்குத் தெரியும். நாடகத்தில் அந்த பிரேஸ்லெட் அகப்பட்டு உண்மை வெளியே வந்து, பாட்டி மன்னிப்புக் கேட்க ஓடி வருவதற்குள் மார்த்தா தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்துவிடுகிறாள். படத்தில் அதே பிரேஸ்லெட் நேரத்தோடு அகப்படுகிறது. மார்த்தாவே ரோசலியிடமிருந்து உண்மையைப் பெற்றுப் பாட்டியின் முன் நிறுத்துகிறாள். காரெனும் ஜோவும் வியன்னாவில் மறுபடி சேர்கிறார்கள். ஒரு பொருள் வெளிப்படும் நேரத்தை முன்னே தள்ளியதும் சோகம் சுபமாகிவிட்டது.

இழப்பும் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஜோவை நேசித்த மார்த்தாவுக்கு உலகத்தின் மன்னிப்பு எளிதில் கிடைக்கும். காரெனை நேசித்த மார்த்தாவுக்கு அந்தக் காலத்தில் போக இடமே கிடையாது. படத்தின் முடிவு லேசாக இருப்பதற்குக் காரணம் சுப முடிவு என்பதைவிட, பாத்திரத்தின் தோளிலிருந்து இந்தச் சுமை இறங்கியதுதான். ஆனாலும் வில்லியம் வைலர் இயக்கி, கிரெக் டோலண்ட் ஒளிப்பதிவு செய்த அந்தப் படம் இன்றும் பார்க்கத் தகுந்தது. மேரியாக நடித்த பொனிட்டா கிரான்வில், சிறந்த துணை நடிகைக்கு ஆஸ்கர் பரிசு ஏற்படுத்திய முதல் ஆண்டிலேயே பரிந்துரை பெற்றார்.

அடுத்த ஆண்டு சிட்னி கிங்ஸ்லியின் 'டெட் எண்ட்' நாடகத்தை ஹெல்மன் திரைக்கதையாக்கினார். நியூயார்க் சேரி ஓரத்துக் கதை. நாடகத்தில் ரவுடியைக் காட்டிக்கொடுத்துப் பரிசுப் பணம் வாங்கும் கால் ஊனமுற்ற இளைஞன், படத்தில் ஊனமில்லாத நாயகனாகி ரவுடியைத் தானே சுடுகிறான். அடுத்தவர் நாடகத்தைத் தழுவியபோது ஹெல்மன் கத்தியை இன்னும் தாராளமாக வீசினார் என்பதும் பதிவில் இருக்க வேண்டும். இதற்கு நடுவே 1936 டிசம்பரில் அவருடைய இரண்டாவது நாடகம் 'டேஸ் டு கம்' ஏழே முறை மேடையேறி முடிந்துபோனது.

படிக்கட்டு

'தி லிட்டில் ஃபாக்ஸஸ்' 1939 பிப்ரவரி 15-ல் டலூலா பேங்க்ஹெட் நடிப்பில் தொடங்கி 410 காட்சிகள் ஓடியது. தெற்கத்திச் சிற்றூர், 1900. பருத்தி ஆலை தொடங்க சிகாகோக்காரர் 4 லட்சம் டாலர் போட்டால், ஹப்பர்ட் குடும்பம் 2,25,000 போட வேண்டும்; சகோதரர் இருவருக்கும் சகோதரி ரெஜினாவுக்கும் தலைக்கு 75,000. ரெஜினாவின் பங்கை அவள் கணவர் ஹொரேஸ் தர மறுக்கிறார். சகோதரர்கள் ஹொரேஸின் பெட்டகத்திலிருந்து 88,000 டாலர் மதிப்புள்ள ரயில்வே பத்திரங்களைத் திருடுகிறார்கள். இந்த எண்களைப் பார்வையாளர் மறக்கவே முடியாது. ஒவ்வொரு எண்ணும் ஒரு காட்சியைத் திறக்கும் சாவி. பணக் கதை எழுதுகிறவர்கள் தொகையை மங்கலாக விட்டுவிட்டு உணர்ச்சியை மட்டும் உயர்த்தப் பார்ப்பார்கள். அங்கேதான் கதை தளரும்.

நாடகம் முழுக்க ஒரே வரவேற்பறை. 1941-ல் வைலர் அதைப் பெட்டி டேவிஸை வைத்துப் படமாக்கியபோது ஹெல்மன் அறைக் கதவுகளைத் திறந்தார்: ஊரின் காலை, தெரு, வங்கி. அப்பன் ஆஸ்கரும் மகன் லியோவும் முதுகோடு முதுகாக நின்று சவரம் செய்துகொண்டே, கண்ணாடிகள் வழியாக ஒருவரையொருவர் பார்த்தபடி, பத்திரத் திருட்டை மெல்ல மெல்ல வாய்விட்டுப் பேசும் காட்சி இந்த வகைக்கு நல்ல உதாரணம். வசனம் மேடைக்கு உரியது. முகத்தில் சோப்பு நுரையோடு பேசும்போது அது சினிமாவாகிறது. ரெஜினாவின் மகள் அலெக்சாண்ட்ராவுக்கு டேவிட் ஹியூவிட் என்ற பத்திரிகைக்கார இளைஞனைப் படம் புதிதாகச் சேர்த்தது. கூடுதல் காட்சிகளுக்கும் வசனத்துக்கும் டாரதி பார்க்கர், ஆலன் கேம்பெல், முன்னாள் கணவர் கோபர் ஆகியோரின் பெயர்கள் திரையில் வந்தன. எங்கள் பார்வையில் இந்த இளைஞன் படத்தின் பலவீனம். நாடகத்தின் முடிவில் அம்மாவை விட்டுப் போவதாகச் சொல்லும் அலெக்சாண்ட்ரா தனியாக நிற்கிறாள். போவாளா, எங்கே போவாள் என்ற கேள்வி அரங்கில் தொங்குகிறது. படத்தில் அவள் கைபிடிக்க ஒருவன் வெளியே காத்திருக்கிறான்.

ஆனால் படிக்கட்டுக் காட்சியில் மேடையும் சினிமாவும் ஒன்றையொன்று உயர்த்துகின்றன. ஹொரேஸுக்கு நெஞ்சு வலி வருகிறது. மருந்துக் குப்பி கை தவறி உடைகிறது. இன்னொரு குப்பி மாடியில். கொண்டு வரச் சொல்கிறார், ரெஜினா அசையவில்லை. அவர் எழுந்து தள்ளாடிப் படியேறுகிறார். வைலரும் டோலண்டும் கேமராவை ரெஜினாவின் முகத்திலேயே நிறுத்தினார்கள். பின்னால் படியேறி விழும் கணவர் மங்கலான உருவமாகத்தான் தெரிகிறார். முன்னும் பின்னும் ஒரே கூர்மையில் காட்டுவதில் பெயர் எடுத்தவர் டோலண்ட். இங்கே வேண்டுமென்றே பின்புலத்தை மங்கவிட்டார். எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதே கொலை என்று ஹெல்மன் மேடையில் எழுதிவைத்திருந்தார். அதைத் தொடாமல், விளக்கமும் சேர்க்காமல் படம் எடுத்துக்கொண்டது. ஒன்பது ஆஸ்கர் பரிந்துரைகள், அதில் ஒன்று திரைக்கதைக்கு. பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. மேடையில் நடித்த பட்ரீஷியா காலிஞ்ச், சார்லஸ் டிங்கிள், டான் டுர்யே முதலானோரே படத்திலும் வந்ததால் வசனத்தின் தாளம் சிதறாமல் இருந்ததையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

'தி நார்த் ஸ்டார்' எங்கே கெட்டது

'வாட்ச் ஆன் தி ரைன்' நாடகம் (1941) படமானபோது திரைக்கதையை ஹாமெட் எழுத, ஹெல்மன் கூடுதல் காட்சிகள் தந்தார். நாஜி எதிர்ப்பாளனான நாயகன் கதையில் ஒருவனைக் கொல்கிறான். கொலை செய்தவன் தண்டனை பெறாமல் போகக்கூடாது என்றது தணிக்கை. கொல்லப்பட்டவனோ நாஜிகளிடம் காட்டிக்கொடுக்கப் பேரம் பேசியவன். நாடகத்தின் நியாயமே அந்தக் கொலையில் இருந்ததால் ஹெல்மன் இறங்கி வர மறுத்தார். அந்த நாயகனாக நடித்த பால் லூகாஸ் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பெற்றார்.

அதே 1943-ல் வந்த 'தி நார்த் ஸ்டார்' வேறு விதம். முதன்முறையாக மேடையில் பரிசோதிக்காமல் நேரே திரைக்காக எழுதிய சொந்தக் கதை. 1941 ஜூன், ஜெர்மன் படை நுழையும் ஒரு உக்ரைன் கிராமம். காயம்பட்ட வீரர்களுக்காகக் குழந்தைகளின் ரத்தத்தை எடுக்கும் ஜெர்மன் மருத்துவர்கள். முதலில் வைலரோடு சோவியத் நாட்டிலேயே எடுக்கும் ஆவணப் படமாகத் தொடங்கிய யோசனை, வைலர் விமானப் படையில் சேர்ந்ததால் கைவிடப்பட்டு, லூயிஸ் மைல்ஸ்டோன் இயக்கும் ஸ்டூடியோப் படமாகிவிட்டது. கோல்ட்வினின் அரங்கில் பளிச்சென்ற கிராமம் எழுந்தது. ஆரன் கோப்லண்ட் இசை, ஐரா கெர்ஷ்வின் பாடல் வரிகள். ஆட்டம் பாட்டத்தோடு நீளும் முதல் பகுதியைப் பார்த்துவிட்டு, இரண்டாம் பகுதியின் கொடுமையை நம்புவது கடினம். மைல்ஸ்டோன் பக்கம் பக்கமாக மாற்றங்கள் கேட்டார். ஹெல்மன் சண்டையிட்டார், சண்டையிட அவரிடம் ஆயுதம் எதுவும் இல்லை. கோல்ட்வினுடனான ஒப்பந்தத்தை அத்தோடு முடித்துக்கொண்டார். தன் திரைக்கதையை வைக்கிங் பதிப்பகம் மூலம் புத்தகமாக வெளியிட்டார். எழுதியது இதுதான் என்று காட்ட அவருக்கு இருந்த ஒரே வழி அது. அந்தத் திரைக்கதைக்கும் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது.

உரிமை கையில் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதன் உச்சம் 1957-ல் வந்தது. பனிப்போர்க் காலத்துக்கு ஏற்றபடி படத்தை வெட்டி, சோவியத் ஆதரவு வாடையை நீக்கி, 1956 ஹங்கேரி நிகழ்வுகளின் காட்சியை ஒட்டி, 'ஆர்மர்டு அட்டாக்' என்ற பெயரில் விற்றார்கள். எழுதியவரைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அவருடைய மேடை நாடகம் ஒன்றை இப்படிச் செய்திருக்க முடியாது.

1947-க்குப் பின்

'தி சர்ச்சிங் விண்ட்' என்ற தன் நாடகத்தை 1946-ல் திரைக்கதையாக்கியதோடு கதவு மூடிக்கொண்டது. 1947 நவம்பரில் ஸ்டூடியோ அதிபர்கள் நியூயார்க்கின் வால்டார்ஃப் ஓட்டலில் கூடி, கம்யூனிஸ்டுகளுக்கு வேலை தருவதில்லை என்று அறிவித்தார்கள். அடுத்த மாதமே ஹெல்மன், திரை எழுத்தாளர் சங்கத்தின் இதழில் அவர்களைக் கடுமையாகச் சாடி எழுதினார். அந்தச் சங்கத்தைக் கட்ட 1930-களில் ஆள் சேர்த்தவர்களில் அவரும் ஒருவர். மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது: 1938-ல், ஸ்டாலின் தன் எதிரிகளை ஒழிக்க நடத்திய மாஸ்கோ விசாரணைகளை ஆதரித்த அறிக்கையில் கையெழுத்திட்டவர்களில் அவரும் உண்டு. அந்தக் கையெழுத்து பெரும் பிழை.

வேலை தரக்கூடாதவர்கள் என்று ஸ்டூடியோக்கள் ஒதுக்கிவைத்த இந்தக் கருப்புப் பட்டியல் வேலை செய்த விதத்தைக் கவனிக்க வேண்டும். திரையில் சில ஸ்டூடியோக்கள் கைகோத்தால் ஒருவருக்கு ஊர் முழுக்க வேலை இல்லை. பிராட்வேயில் அப்படி ஒரு கூட்டுத் தலைமை கிடையாது. ஒரு தயாரிப்பாளரும் ஒரு அரங்கும் இருந்தால் போதும். அதனால்தான் ஹாலிவுட் மூடிய பிறகும் 1951-ல் 'தி ஆட்டம் கார்டன்' மேடையேறியது. 1952 டிசம்பரில் 'தி சில்ட்ரன்ஸ் அவர்' நாடகத்தை அவரே இயக்கி மறுபடி கொண்டுவந்தார். வதந்தியால் வாழ்விழப்பவர்களின் கதை, அந்த ஆண்டில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாத கதை.

அதே ஆண்டு மே 21-ல் கம்யூனிஸ்டுகளைத் தேடிய அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் விசாரணைக் குழு முன் ஆஜரானார். இரண்டு நாள் முன்பே குழுத் தலைவருக்குக் கடிதம் எழுதியிருந்தார்: என்னைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன், மற்றவர்களைப் பற்றிக் கேட்கக்கூடாது. இந்த ஆண்டின் மோஸ்தருக்கு ஏற்ப மனசாட்சியை வெட்ட என்னால் முடியாது, வெட்டவும் மாட்டேன் என்ற வரி அந்தக் கடிதத்தில் உள்ளது. குழு மறுத்தது, தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்ல வேண்டியதில்லை என்னும் அரசியல் சட்டத்தின் ஐந்தாவது திருத்தத்தின் கீழ் அவர் பதில் சொல்ல மறுத்தார். கடிதம் குழுவின் பதிவில் ஏறியதுமே வழக்கறிஞர் ஜோசஃப் ராவ் அதன் நகல்களைப் பத்திரிகையாளர்களிடம் கொடுத்தார். வழக்கு ஏதும் வரவில்லை. பிளெசண்ட்வில்லில் இருந்த 130 ஏக்கர் பண்ணையை விற்க வேண்டியிருந்தது. ஹாமெட் அதற்கு முன்பே சிறை போய் வந்திருந்தார்.

1961-ல் வைலர் 'தி சில்ட்ரன்ஸ் அவர்' கதையை இந்த முறை சொந்தப் பெயரோடும் சொந்தக் கருவோடும் மறுபடி எடுத்தார். ஹாமெட் அந்த ஜனவரியில் இறந்ததால் ஹெல்மன் விலகிக்கொள்ள, திரைக்கதையை ஜான் மைக்கேல் ஹேய்ஸ் எழுதினார். முதல் படத்தில் மார்த்தாவாக நடித்த மிரியம் ஹாப்கின்ஸ் இதில் மார்த்தாவின் அத்தையாக வந்தார். மூலத்துக்கு மிக நெருக்கமான அந்தப் படம், விலகிப்போன முதல் படத்தைவிட மந்தமாக இருப்பது தழுவல் பற்றி யோசிக்கிறவர்களுக்கு நல்ல புதிர். 1966-ல் சாம் ஸ்பீகல் தயாரித்து ஆர்தர் பென் இயக்கிய 'தி சேஸ்' படத்தில் திரைக்கதை ஹெல்மன் என்று பெயர் வந்தது. நடுவே பலர் கைவைத்து மாற்றியிருந்தார்கள். அந்தப் படத்தைத் தன்னுடையதாக அவர் ஏற்கவில்லை. அதன் பிறகு திரைக்கு அவர் எழுதவே இல்லை.

ஆய்வாளர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஹெல்மனின் மூன்று நினைவு நூல்களைத் தனி ஆதாரமாக எடுக்கக்கூடாது. அவற்றில் ஒன்றில் தன் தோழியின் கதையாக அவர் எழுதிய 'ஜூலியா' பகுதி, மியூரியல் கார்டினர் என்ற வேறொரு பெண்ணின் வாழ்வோடு பெரிதும் ஒத்துப்போவது பின்னால் வெளிப்பட்டது. 1980-ல் எழுத்தாளர் மேரி மெக்கார்த்தி தொலைக்காட்சியில் அவரைப் பொய்யர் என்று சொல்ல, ஹெல்மன் 22.5 லட்சம் டாலர் கேட்டு அவதூறு வழக்குத் தொடுத்தார். வழக்கு விசாரணைக்கு வருமுன் 1984-ல் அவர் இறந்தார்.

1972-ல் நாடகங்களின் முழுத் தொகுப்பு வந்தபோது ஹெல்மனுக்கு வயது 67. ஒவ்வொரு நாடகத்தையும் எடுத்து வரிவரியாகத் திருத்தினார். இந்தப் பிரதிகளே தனக்கு இறுதியானவை என்று அறிவித்தார். யாருடைய அனுமதியும் அவருக்குத் தேவைப்படவில்லை. திரைக்கதைகள் எதுவும் அந்தத் தொகுப்பில் இல்லை.